நான்கெல்லைக்குட்பட்ட விபத்து

சுப்புத்தாய் ரோட்டோரத்தில் விழுந்தபோது போட்ட சத்தத்தில், சுருளிப்பட்டியில் இருந்து லோயர் கேம்ப் வரைக்கும் வயலில் நின்ற கொக்குகள் ஒன்று பாக்கியில்லாமல் எழும்பிக் கேரளாவுக்குப் போய்விட்டன. போனவற்றில் பாதி இன்னும் திரும்பவில்லை என்று டீக்கடையில் பேச்சு. கொக்கு விஷயத்தில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். அவளுடைய வலது தோள் எலும்பு இரண்டாகப் போனதில் கூடக்குறைய எதுவும் இல்லை.

ஆடி மாதம், காலை ஆறரை மணி. மேற்கு மலையில் இருந்து இறங்கும் காற்று அந்த மாதத்தில் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து ஊரில் பஸ் ஏற்றிவிடும். அதனால் முந்தானையை இறுக்கிச் செருகி, தூக்குச்சட்டியை அணைத்துப் பிடித்தபடி, தாரில்கூடக் கால் வைக்காமல் மண்ணில் நின்றிருந்தாள். முதலாளி சங்கரலிங்கத்தின் பிக்கப் வண்டி காலிப் பழப்பெட்டிகளைக் குலுக்கிக்கொண்டு வந்தது. ஓட்டியவன் அவர் மகன் அஜய்குமார். செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்தான். எதிரே பஸ். பஸ்ஸுக்கு ஒதுங்கினான், ரோட்டை விட்டே ஒதுங்கினான், கடைசியில் சுப்புத்தாயின் மேலேயே ஒதுங்கினான்.

தூக்குச்சட்டி பறந்து வாய்க்காலில் விழுந்தது. கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் தண்ணீரோடு போயின. கீழே கிடந்தபடியே அவள் கேட்டாள்:

"ஏலே, இம்புட்டு அகல ரோடு ஒனக்குப் பத்தலயாலே?"

கேட்டுவிட்டுத்தான் மயங்கினாள்.

சுப்புத்தாய்க்கு ஐம்பத்தோரு வயது. முப்பது வருஷமாகத் திராட்சைப் பந்தல் வேலை. பந்தலுக்கு அடியில் நின்று, அண்ணாந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கொடியை வெட்டிக் கவாத்துப் பண்ணுவதும், பிஞ்சைக் கிள்ளுவதும், பழம் வெட்டுவதும்தான் பிழைப்பு. காலையில் தூக்கிய கை சாயங்காலம்தான் கீழே இறங்கும். அவள் வானத்தைப் பார்த்ததைவிடத் திராட்சை இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்ததுதான் அதிகம். கத்தரியைப் பிடித்தால் இரண்டு ஆள் வேலை, வாயைத் திறந்தால் எட்டு ஆள் வேலை. சங்கரலிங்கம் அந்தப் பக்கத்துத் தோட்டங்களைக் குத்தகைக்குப் பிடிக்கிற பழ வியாபாரி. அவர் பிடித்த தோட்டங்களில்தான் அவளுக்கு வேலை. ஊரில் பாதிப் பேருக்கும் அங்கேதான் வேலை.

அவள் புருஷன் கர்ணன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன். சாதுவென்றால் அப்படி ஒரு சாது. பாம்பு குறுக்கே வந்தால்கூட "போங்க, போங்க" என்று மரியாதையாக வழிவிடுவான். காக்கி உடுப்பைக் கண்டால்தான் அவனுக்கு ஆகாது. பஸ் கண்டக்டரைப் பார்த்தாலே மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுகிற ஆள், போலீஸ் ஸ்டேஷன் இருக்கிற தெருவுக்குள் முப்பது வருஷமாக நுழைந்ததில்லை. அந்தத் தெருவில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் நடந்தபோதுகூடப் பின்பக்கச் சந்து வழியாகப் போய்ச் சாப்பிட்டு வந்தான்.

அப்படிப்பட்டவன் காதில்தான், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், சங்கரலிங்கம் ஓதினார்.

"கர்ணா, அங்கன போயி வண்டி கிண்டின்னு வாயத் தொறந்துறாத. போலீஸ் கேசுன்னு தெரிஞ்சா டாக்டர்மாரு தொடக்கூட மாட்டாக. நாடி புடிக்கிறதுக்கே கோர்ட்டு உத்தரவு கேப்பாக. பந்தல்ல இருந்து விழுந்துட்டான்னு சொல்லு, ஒடனே ஊசி போடுவாக. செலவ நான் பாத்துக்கிறேன்."

கர்ணன் நம்பினான். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டபோது, பந்தலில் இருந்து தவறி விழுந்ததாகச் சொன்னான். பந்தலின் உயரம் ஆறடி. அதன்மேல் ஏறி யாரும் வேலை செய்வதில்லை. அணில்கூட இரண்டு முறை யோசித்துத்தான் ஏறும். ஆனால் டாக்டர் திராட்சை விளையாத ஊர்க்காரர். எழுதிக்கொண்டார்.

கர்ணனின் புத்திசாலித்தனம் அதோடு நிற்கவில்லை. சுப்புத்தாயின் முந்தானை மேல் டயர் ஏறி, கறுப்பு வரிவரியாக அச்சடித்தது போலப் பதிந்திருந்தது. பெண்டாட்டி வீட்டுக்கு வரும்போது அழுக்குச் சேலையைப் பார்த்து வருத்தப்படக் கூடாதே என்று வாய்க்காலுக்கு எடுத்துப் போய், மூன்று சோப்புக் கரையக் கரையத் துவைத்து, நீலம் போட்டு, வெயிலில் உலர்த்தி மடித்துவைத்தான். கடையில் வாங்கியபோதுகூட அந்தச் சேலை அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

தோளில் தகடு வைத்துத் தைத்து, பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய டாக்டர் அவள் கையைப் பிடித்து மெல்ல உயர்த்திப் பார்த்தார். நெஞ்சு மட்டத்தில் நின்றுவிட்டது.

"இது காதுக்கு மேல ஏற எப்படியும் ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகும்மா."

"ஏறிரும்ல டாக்டரு?"

"ஏறாமலும் போகலாம்."

தலைக்கு மேல் ஏறாத கையை வைத்துக்கொண்டு பந்தலில் என்ன வேலை செய்வது? எலும்பு ஒடிந்ததற்கு அழாத சுப்புத்தாய், அன்றைக்கு ஆட்டோவில் வாய் பேசாமல் வந்தாள். பயந்துபோன கர்ணன் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஊர் சும்மா இருக்கவில்லை. எலும்பு கூட ஆட்டுக்கால் சூப்புதான் மருந்தென்று வீட்டுக்கு வீடு காய்ச்சி அனுப்பியதில், அந்த வாரம் சுருளிப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் நான்கு காலோடு நடமாடிய ஆட்டை ஒருவரும் பார்க்கவில்லை. கூட வேலை செய்யும் ஜோதிலட்சுமி மட்டும் சூப்போடு ஒரு சேதியும் கொண்டுவந்தாள். அவள் தம்பிக்கு விபத்து நஷ்டஈடு வாங்கிக்கொடுத்த வக்கீலம்மா தேனி அல்லிநகரத்தில் இருக்கிறார், பெயர் ஜெபஷீலா.

"கெடச்சாத்தான் பீசு, கையில காசில்லன்னாலும் வாங்கன்னு சொல்வாக மதினி. போயி ஒரு வார்த்த கேட்டு வந்துரு."

சுப்புத்தாய், கர்ணன், மகள் சுபாஸ்ரீ மூன்று பேரும் போனார்கள். சுபாஸ்ரீ கம்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். ஜெபஷீலாவின் அலுவலகம் அவர் அப்பாவின் இரும்புக்கடைக்கு மாடியில். கீழே பைப்பை வெட்டுகிற சத்தம், மேலே வக்கீலம்மாவின் குரல். இரண்டில் வக்கீலம்மாதான் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தவர் ஒரு தாளில் நின்றுவிட்டார்.

"அம்மா, எங்கிட்ட வண்டி மோதுச்சுன்னு சொல்றீங்க. ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டுல, பந்தல்ல இருந்து தவறி விழுந்ததுன்னு இருக்கு. எது நெசம்?"

சுப்புத்தாய் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கீழே கடையில் இருந்த இரும்பு இரண்டு பாகை சூடேறியது.

"பந்தல்ல இருந்தா? நான் என்ன மைனாக் குருவியாய்யா, பந்தல் மேல உக்காந்திருக்க?"

"போலீஸ் கேசுன்னா வைத்தியம் பாக்க மாட்டாகன்னு மொதலாளி சொன்னாக."

"சுத்தப் பொய்ண்ணே" என்றார் ஜெபஷீலா. "எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் மொதல்ல உசுரப் பாக்கணும், போலீசு பொறவுதான். சரி, அன்னைக்குக் கட்டியிருந்த சேல இருக்கா?"

"இருக்கு வக்கீலம்மா" என்றான் கர்ணன், இதிலாவது நல்ல பேர் வாங்கலாம் என்ற ஆசையோடு. "நல்லா வெள்ளாவி வச்ச மாதிரித் தொவச்சு வச்சிருக்கேன்."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பாத்தவுக யாராவது சாட்சி சொல்வாகளா?"

"டீக்கடையில நின்னு நாலு பேர் பாத்தாக" என்றாள் சுப்புத்தாய். "நாலு பேரும் மொதலாளி தோட்டத்துலதான் கஞ்சி குடிக்கிறாக. நெஞ்சுக்குள்ள சொல்வாக, வாயால சொல்ல மாட்டாக."

ஜெபஷீலா நம்பரைக் கேட்டுச் செல்போனில் தட்டினார். "வண்டி நம்பர ஆன்லைன்ல போட்டுப் பாத்தேன். இன்சூரன்ஸ் நடப்புல இருக்கு."

"அப்ப கம்பெனிதான குடுக்கப்போகுது? மொதலாளி ஏன் இம்புட்டு மறைக்கிறாக?" என்றாள் சுப்புத்தாய்.

சுபாஸ்ரீ சொன்னாள்: "அஜய்க்கு பைக் லைசென்ஸ் மட்டுந்தான் இருக்கு. நாலு சக்கரத்துக்கு ரெண்டு தடவ டெஸ்ட்டுக்குப் போயி ரெண்டு தடவையும் நட்டு வச்சிருந்த கம்ப இடிச்சுட்டு வந்தான்."

"அதான் சங்கதி" என்றார் ஜெபஷீலா. "லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டுனா, கோர்ட்டு கம்பெனிய மொதல்ல உங்களுக்குக் கட்டச் சொல்லும். கம்பெனி அப்புறம் வண்டிக்காரர்கிட்ட வசூல் பண்ணும். இப்பக் கேளுங்க. மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, இன்னைக்கு ஏறி வந்த ஆட்டோவோட ரசீது வரைக்கும் எடுத்து வைங்க. ஆறு மாசத்துக்குள்ள மனுப் போட்டாகணும். அதுக்கு எஃப்.ஐ.ஆர். வேணும். ஸ்டேஷனுக்குப் போனா இந்தப் பதிவேட்டத்தான் நம்ம மூஞ்சிக்கு நேரா நீட்டுவாக. அதனால மோதுனதுக்கு எழுத்துல ஏதாவது ஒண்ணு கெடச்சாத் தேவல. முக்கியமா, யார் எந்தத் தாள நீட்டுனாலும் கையெழுத்துப் போட்டுறாதீங்க."

"கையே எழும்பலயே வக்கீலம்மா, கையெழுத்துக்கு எங்க போக?"

"இடது கைப் பெருவிரல் இருக்குல்ல? அத வச்சு ஊரையே எழுதி வாங்கிருவாக."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கரலிங்கம் வந்தார். ஒரு பை ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ், இரண்டு ரொட்டிப் பாக்கெட், சாட்சிக்கென்று அழைத்துவந்த இரண்டு வெள்ளைச் சட்டைக்காரர்கள். கூடவே கையில் மைப்பெட்டியும் கக்கத்தில் பையுமாகப் பத்திர எழுத்தர் இம்மானுவேல்.

இம்மானுவேலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பத்தைந்து வருஷமாக நிலப் பத்திரம் எழுதுகிறவர். நிலப் பத்திரத்தைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. தன் மகள் கல்யாணப் பத்திரிகையிலேயே மண்டபத்துக்கு நான்கு பக்க எல்லையும் போட்டவர். வந்தவர்கள் ஒருவர்கூட வழி தவறவில்லை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். ஓரிடத்தில் ஒரு சங்கதி நடந்தது என்றால் எல்லை போடாமல் அவர் பேனா நகராது.

"ஆத்தா சுப்புத்தாயி, எப்படியிருக்க?" என்றார் சங்கரலிங்கம்.

"தோளுக்குள்ள இரும்பு வச்சிருக்காக மொதலாளி. இனி எனக்கும் நம்பர் பிளேட் மாட்டி ரோட்டுல விடலாம்."

அவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கலாமா என்று அவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். சுபாஸ்ரீ டீ கொண்டுவந்தாள். அவர் சட்டைப் பையில் இருந்து ஒரு கட்டு எடுத்துப் பாயில் வைத்தார்.

"இருபத்தஞ்சாயிரம். நம்ம ஊர்ப் பழக்கம் என்ன? உக்காந்து பேசி முடிச்சுக்கிறது. கோர்ட்டுக்குப் போனா ஒம் பேரன் காலத்துலதான் தீர்ப்பு வரும். வீட்ல இன்னும் பேரனே பெறக்கல. நீ ஒரு ரேகய மட்டும் வையி."

"எதுல வைக்கணும், அத வாசிங்க. கேட்டுக்கிறேன்."

இம்மானுவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஞாயிறு ஆராதனையில் வேதம் வாசிக்கிற ராகத்தில் ஆரம்பித்தார்:

"நாளது ஆடி மாதம் பன்னிரண்டாம் தேதி காலை சுமார் ஆறரை மணிக்கு, சுருளிப்பட்டி சங்கரலிங்கம் ஆகிய எனக்குப் பாத்தியப்பட்ட பிக்கப் வாகனத்தை என் குமாரர் அஜய்குமார் ஓட்டிவந்த வகையில், தார்ச்சாலைக்குக் கிழக்கு, திராட்சைத் தோட்ட வேலிக்கு மேற்கு, வாய்க்கால் பாலத்துக்குத் தெற்கு, டீக்கடைக்கு வடக்கு, இந்த நான்கெல்லைக்குட்பட்ட மண் தரையில் நின்றிருந்த கர்ணன் மனைவி சுப்புத்தாய் பேரில் மேற்படி வாகனம் மோதி, மேற்படியாளின் வலது தோள் எலும்பு முறிந்த வகையில், ரொக்கம் ரூபாய் இருபத்தையாயிரம் பெற்றுக்கொண்டு, மேற்படித் தொகையைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. மேற்படி எலும்பின் பேரில் பிற்காலத்தில் யாதொரு வில்லங்கமும் தாவாவும் செய்வதில்லை என்று இரு தரப்பும் சம்மதித்து..."

சுபாஸ்ரீ வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டாள். சுப்புத்தாயின் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. முப்பது வருஷமாக இலைக்குள் ஒளிந்திருக்கும் குலையைத் தேடி எடுத்த கண் அது.

"ஐயா, அந்த எல்ல வருதே, அத இன்னொருக்கா வாசிங்க."

இம்மானுவேலுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. தன் எழுத்தை மறுமுறை கேட்ட முதல் ஆள் அவள்தான். இன்னும் உரக்க வாசித்தார்.

"அச்சரம் பிசகாம எழுதியிருக்கீக. நான் நின்ன எடம் அதேதான். அப்ப மொதலாளி, நீங்க பெரியவுக, மொதல்ல நீங்க போடுங்க. சாட்சிக்காரவுகளும் போடட்டும். கடைசியா நான் வைக்கிறேன். பெரியவுகளுக்கு முன்னாடி நான் வச்சா நல்லாவா இருக்கும்?"

மரியாதை என்றால் சங்கரலிங்கத்துக்கு நெய்ப் பணியாரம். பேனாவை வாங்கிப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். வெள்ளைச் சட்டைகள் இரண்டும் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் எழுதிப் போட்டன.

"ஒரு போட்டோ எடுத்துக்கிறேன் மாமா" என்று சுபாஸ்ரீ செல்போனைத் தூக்கினாள். சங்கரலிங்கம் தலைமுடியைக் கோதிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் படம் பிடித்தது அவரை இல்லை, பத்திரத்தை. இரண்டு பக்கமும். அவர் பல்லைக் காட்டி முடிப்பதற்குள் அது அல்லிநகரத்து வக்கீலம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இம்மானுவேல் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். சுப்புத்தாய் இடது பெருவிரலை நன்றாக முக்கினாள். எல்லோரும் பத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்க, விரலைக் கொண்டுபோய் ஹார்லிக்ஸ் பாட்டிலின் வயிற்றில் அழுத்தி எடுத்தாள்.

"இந்தாங்க. ஹார்லிக்ஸ் வாங்கிக்கிட்டதுக்கு ரசீது. பணத்த எடுத்துக்கோங்க."

பத்திரத்தை மடித்து, கழுத்தில் கட்டிக் கையைத் தாங்கவிட்டிருந்த கைத்தொட்டிலுக்குள், அடிபட்ட கைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் செருகிக்கொண்டாள்.

சங்கரலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இம்மானுவேலைப் பார்த்தார். இம்மானுவேல் மைப்பெட்டியை மூடினார்.

"எல்ல போடாத பத்திரம் செல்லாதுங்க" என்றார் மெதுவாக.

"யோவ், ஒன்ன நான் என்னத்த எழுதச் சொன்னேன்... குடு சுப்புத்தாயி அத."

"நெலத்த வாங்குனவுககிட்டத்தான பத்திரம் இருக்கும்? இங்கன அடிய வாங்குனவ நான்."

"இந்தப் பள்ளத்தாக்குல இனி ஒரு பந்தலுக்குள்ளயும் நீ கால் வைக்க முடியாது. தெரிஞ்சுக்க."

"காலு நல்லாத்தான் இருக்கு மொதலாளி. கையத்தான் ஒங்க மகன் எடுத்துட்டான். அந்தக் கை ஏறாட்டி எந்தப் பந்தல்ல நான் போயி நிக்க? எங்கிட்ட இருந்து பறிக்க இன்னும் என்ன மிச்சம் வச்சிருக்கீக, சொல்லுங்க."

சங்கரலிங்கம் எழுந்தார். பணத்தை எடுத்துப் பைக்குள் வைத்தபடி, மூலையில் உட்கார்ந்திருந்த கர்ணன் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். அதுதான் அதிகமாகக் குத்தியது.

"கர்ணா, டாக்டர்கிட்டப் பந்தல்னு சொன்னது நீ. நான் சொல்லச் சொன்னேன்னு எவன் சாட்சி? பொய்ச் சேதி குடுத்தவன்னு ஒன்னத்தான் உள்ள வைப்பாக. யோசிச்சுக்க."

அதற்குப்பின் கர்ணன் சோறு இறங்காமல் இளைத்து, ஆடிக்காற்றுக்குத் தூணைப் பிடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டான்.

"ஸ்டேஷனுக்கு நீ வர வேணாம்யா" என்றாள் சுப்புத்தாய். "நாந்தான் மயக்கத்துல உளறுனேன்னு சொல்லிக்கிறேன். நீ தண்ணி பாய்ச்சப் போ."

ஆனால் அவன் வந்தான். ஸ்டேஷன் தெரு முனையில் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கட்டியபடி, மழைத் தண்ணீரைத் தாண்டுகிறவன் மாதிரிக் கால் பார்த்துப் பார்த்து வைத்து வந்தான். ஜெபஷீலா தேனியில் இருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து காத்திருந்தார்.

ஏட்டு புகாரைப் படித்தார். ஆஸ்பத்திரித் தாளைப் படித்தார். வக்கீலம்மா சொன்னபடியே அதைத் தூக்கி நீட்டினார்.

"விழுந்துட்டதா இருக்கேம்மா? இருபது நாள் கழிச்சு வந்து வண்டின்னு சொல்றீக?"

சுப்புத்தாய் கைத்தொட்டிலுக்குள் இருந்து பத்திரத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். ஏட்டு வாசித்தார். 'திராட்சைத் தோட்ட வேலிக்கு மேற்கு' வந்தபோது அவர் மீசை துடித்தது. 'மேற்படி எலும்பு' வந்தபோது எழுந்து உள்ளே போய் இன்னொரு காவலரைக் கூட்டிவந்தார். இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி வாசித்தார்கள்.

"இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்மா. எடத்தப் பாத்து ஸ்கெட்ச் போடப் போகவே வேணாம்கிற மாதிரி இப்பத்தான் ஒரு பேப்பர் வந்திருக்கு."

சிரிப்பு அடங்கியதும் பேனாவை எடுத்தார்.

"எல்லாஞ் சரி. ஆஸ்பத்திரியில மாத்திச் சொன்னது யாரு? அதுக்குப் பதில் இல்லாம நான் இத எழுத முடியாது. நாளைக்குக் கோர்ட்ல மொதல் கேள்வியே அதான்."

"நாந்தாங்க" என்று சுப்புத்தாய் வாயெடுத்தாள். "மயக்கத்துல..."

"இல்லய்யா."

பின்னாலிருந்து வந்தது குரல். அது யாருடையது என்று பார்க்க சுப்புத்தாயே திரும்ப வேண்டியிருந்தது. கர்ணன் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். வேட்டி ஆடியது. குரல் ஆடவில்லை.

"அவ மயங்கிக் கெடந்தா. சொன்னது நான். போலீஸ் கேசுன்னா வைத்தியம் பாக்க மாட்டாகன்னு வண்டிக்காரரு சொன்னாரு. பொண்டாட்டி செத்துருவாளோன்னு பயந்து சொன்னேன். எழுதிக்கோங்க."

"பொய்த் தகவல் குடுத்ததுக்கு ஒங்க மேலயும் கேஸ் போடலாம், தெரியும்ல?"

ஜெபஷீலா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கர்ணன் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

"போடுங்கய்யா. தாராளமாப் போடுங்க. ஆனா மொதல்ல அவ கேசப் போடுங்க. எம் மேல உள்ளத நான் தண்ணி பாய்ச்சிட்டு சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."